சார், இவங்க லா படிக்கிறாங்க

பிப்ரவரி 3

நாளை தன்ஷிகாவுக்கு எல்.கே.ஜி. நேர்காணல். மூன்றரை வயதுக்காரி நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நிறங்கள், பழங்கள், வீட்டு முகவரி எல்லாம் தயார். "அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "தண்ணி மெஷின் விக்கறாங்க" என்கிறாள். ஆர்ஓ மெஷின் என்று திருத்தினேன், பரவாயில்லை. "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "அம்மா நிக்கறாங்க" என்கிறாள்.

சமையலறையில் நான் நிற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். "ஹவுஸ் ஒய்ஃப்" என்று சொல்லிக் கொடுத்தேன். வாயில் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பி.எஸ்சி. வேதியியல் படித்த எனக்கே அது சரியாக வருவதில்லை.

பிப்ரவரி 4

சீட் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பள்ளியின் தாளாளர் வயதானவர். சட்டைப் பையில் மூன்று பேனா. தன்ஷிகாவிடம் வாழைப்பழப் படத்தைக் காட்டி "இது என்ன சாமி?" என்றார். "எனக்கு வேண்டாம்" என்றாள். சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பா பிசினஸ்ங்க. அம்மா நீங்க?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். "ஹ" வரைக்கும் வந்திருப்பேன். இவர் முந்திக்கொண்டார்.

"சார், இவங்க லா படிக்கிறாங்க."

தாளாளரின் பேனா நின்றது. "அட! எந்தக் காலேஜுங்க?"

"சேலம் ரோட்டுல புதுசா வந்துருக்குதுங்களே, அதுலதானுங்க" என்று கல்லூரிப் பெயரையும் சொன்னார். முன்னால் வரும் மூன்று எழுத்துகூட மாறவில்லை.

"நம்ம ஸ்கூல்ல டாக்டர் பேரண்ட் நெறைய இருக்கறாங்க. வக்கீல் பேரண்ட் ஒருத்தருமில்லீங்க. ரொம்ப சந்தோஷம்மா."

ரொம்ப சந்தோஷமாக நானும் தலையாட்டினேன்.

இவருடைய வியாபாரமே இப்படித்தான். வாடிக்கையாளர் எந்த மாடலைக் கேட்டாலும் "இருக்குதுங்க" என்பார். ஆர்டரை வாங்கிக்கொண்டு, பிறகு கோயமுத்தூருக்குப் போன் போட்டு வரவழைப்பார். இந்தத் தடவை விற்ற மாடல் நான். ஸ்டாக் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

காரில் ஏறியதும் கேட்டேன். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு வினோ. தெனமும் பிரிட்ஜத் தொறக்கறப்ப அதத்தான பாக்கறேன்."

எங்கள் பிரிட்ஜ் கதவில் அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாள் எலுமிச்சங்காய் வடிவக் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. கதவில் ஒரு கீறல். அதை மறைக்கத்தான் வைத்தேன். போன கார்த்திகை மாதத்திலிருந்து இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த அளவுக்கு அந்தக் காகிதம்தான் கையில் கிடைத்தது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 5

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சட்டம் படிக்கும் பெண் அரைத்ததால் மசாலா கொஞ்சம் கரகரவென்று இருந்தது.

பிப்ரவரி 21

சீருடைக்கு அளவு கொடுக்கத் தன்ஷிகாவுடன் நான் மட்டும் பள்ளிக்குப் போனேன். தாளாளர் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. உங்க காலேஜ் சேர்மன் நமக்குச் சம்பந்திங்க. இப்ப அமெரிக்காவுல மகன் வீட்டுல இருக்கறாரு. ஜூன்ல வந்ததும் உங்களப் பத்திச் சொல்றேன். அப்பறம், ஸ்கூல் தொறக்கறப்ப பேரண்ட்ஸ் மீட்டிங் இருக்குது. கொழந்தைங்களும் சட்டமும்னு ஒரு பத்து நிமிஷம் பேசிருங்க. என்ன?"

"சரிங்க சார்" என்றேன். கேள்வி கேட்டால் எனக்குப் பதில் வந்துவிடும். அது சரியான பதிலா என்பது பிறகுதான் தெரியும்.

வீட்டில் சொன்னபோது இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாரண்டி முடிந்த மெஷினைப் போல ஆகிவிட்டது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நீ நெஜமாலுமே சேந்துட்டீன்னா அது பொய்யில்லையே?"

"அதுக்கு நுழைவுத் தேர்வு இருக்குதுங்க. மே பதினெட்டு. மார்ச் பத்துக்குள்ள விண்ணப்பிக்கோணும். டிகிரில நாப்பத்தஞ்சு பர்சன்ட் இருந்தாப் போதும். கிளாஸ் காலையில ஒம்போதுல இருந்து ரெண்டு வரைக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பிரிட்ஜுல போட்டிருக்குதுங்க."

பிப்ரவரி 22

இவர் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"பொய் சொன்னது அவன். பரீட்ச உனக்கா?"

"பரவாயில்லீங்க அத்தை. குடும்பத்துக்காகத்தானுங்க."

"ஆமாமா. உன்ற மொகத்தப் பாத்தா சீர் வந்து எறங்குன மாதிரியில்ல இருக்குது."

வெயிலில் துணி காயப்போட்டதால் முகம் அப்படி இருந்திருக்கும்.

மார்ச் 6

விண்ணப்பித்தாயிற்று. இவரே தடிமனான ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு எல்லாம் ஓரளவு தெரிகிறது. சட்டப் பகுதிதான் விசித்திரமாக இருக்கிறது. மேலே ஒரு கொள்கை கொடுப்பார்கள். கீழே ஒரு சம்பவம். கொள்கையைச் சம்பவத்தில் பொருத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம் சொந்த நியாயத்தை உள்ளே கொண்டுவரக் கூடாதாம்.

இன்று ஒன்று. கொள்கை: பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்குறுதி ஒப்பந்தம் ஆகாது. சம்பவம்: ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கணவன் மனைவியிடம் சொல்கிறான், கூட்டிப்போகவில்லை. மனைவி வழக்குப் போடலாமா?

போடலாம் என்று குறித்தேன். தவறாம். அவள் பதிலுக்கு ஒன்றும் தரவில்லையாம்.

புத்தகத்துக்கு யார் சொன்னது?

மார்ச் 7

ஊட்டிக் கணக்கை இவரிடம் காட்டினேன். "நான் எப்ப ஊட்டின்னு சொன்னேன்?" என்றார். நான் ஊட்டியைப் பற்றிப் பேசவே இல்லை, புத்தகத்தைப் பற்றித்தான் பேசினேன்.

மார்ச் 19

முதல் மாதிரித் தேர்வு. அத்தை தன்ஷிகாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன நேரத்தில் எழுதினேன். ஒரு கேள்விகூட விடவில்லை. மதிப்பெண் கேவலம். தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் கழிக்கிறார்கள். தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தால் தேறியிருப்பேன்.

இவர் பார்த்துவிட்டுச் சொன்னார். "தெரியாததுக்கெல்லாம் எதுக்குப் பதில் சொல்ற? உட்ற வேண்டியதுதான?"

தெரியாத காலேஜில் என்னைச் சேர்த்துவிட்டவர் சொல்கிறார்.

ஆனால் விஷயம் சரிதான். யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் குழம்பில் உப்பு ஏன் குறைச்சல், தன்ஷு ஏன் இளைத்திருக்கிறாள், போன் ஏன் எடுக்கவில்லை, பிறந்த வீட்டில் ஏன் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாய் என்று எது கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். சும்மா இருந்தால் மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். தேர்வுத்தாளிடமும் அதே மரியாதை. காலி வட்டத்தைப் பார்த்தால் யாரோ எதிரே நின்று "என்ன, பதிலைக் காணோம்?" என்று கேட்பதுபோல் இருக்கிறது.

ஏப்ரல் 2

இரண்டாவது மாதிரித் தேர்வு. மூன்று கேள்விகளை விட்டேன். விட்ட பிறகு மனசு கேட்காமல் திரும்பிப் போய் இரண்டுக்குப் பதில் எழுதினேன். இரண்டும் தவறு.

ஏப்ரல் 9

இவர் இப்போது வாடிக்கையாளர்களிடமும் "வீட்டுல லா படிக்கறாங்க" என்று சொல்கிறாராம். ஃபில்டர் மாற்றித் தரவில்லை என்று ஒருவர் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்று மிரட்டியிருக்கிறார். "போங்க, எங்க வீட்டம்மாவே வந்து வாதாடுவாங்க" என்றாராம். வந்தவர் அடங்கிவிட்டார். சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"ஃபில்டர மாத்திக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நீ எந்தப் பக்கம்?" என்றார்.

நாளைக்கு ஆள் அனுப்பி மாற்றித் தருகிறாராம்.

ஏப்ரல் 17

மத்தியானம் பள்ளியிலிருந்து வாட்ஸப் வந்தது. ஜூன் கூட்டத்தில் சட்டம் பற்றிய பேச்சு இல்லை. பல் டாக்டர் ஒருவர் மிட்டாய் பற்றிப் பேசுகிறாராம். சாயங்காலம் இவர் இன்னொரு செய்தியோடு வந்தார். கடைக்கு வந்த தாளாளரின் டிரைவர் சொன்னாராம், சேர்மன் பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவார் என்று.

"தப்பிச்சோம் வினோ! இனி யாரும் கேக்க மாட்டாங்க. நீ நிம்மதியா இரு."

விரித்து வைத்திருந்த புத்தகத்தை அவர் கையாலேயே மூடினார். நான் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று பார்த்துவிட்டு மூடியிருக்கலாம்.

"ஃபீஸ் கட்டியாச்சுங்களே. வீணாப் போயிரும்" என்றேன்.

"சரி, அதுக்கென்ன. சும்மா போயி எழுதிட்டு வந்துரு. அடுத்த மாசம் ஊட்டி போலாம்."

எனக்கும் நிம்மதிதான். எவ்வளவு பெரிய தொல்லை விட்டது. தன்ஷுவின் ரப்பர் செருப்பு ஒன்றைக் காணவில்லை. தேடும்போது அழுகை வந்துவிட்டது. புதுச் செருப்பு. கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 18

அத்தை காலையில் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் தன்ஷுவைத் தூக்கிக்கொண்டு, "நானும் இவளும் மேல தூங்கறோம். சாயங்காலம் வரைக்கும் கூப்பிடாத" என்று மாடிக்குப் போய்விட்டார். அத்தை மாடி ஏறி நான் பார்த்ததில்லை.

புத்தகத்தை எடுத்தேன். கட்டிய ஃபீஸ் வீணாகக் கூடாது.

மே 3

ஒன்பது கேள்விகளை விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மதிப்பெண் ஏறியிருக்கிறது.

மே 11

தன்ஷுவுக்குக் காய்ச்சல். மாம்பழம் அதிகமாகிவிட்டது என்கிறார் அத்தை. புத்தகம் அதிகமாகிவிட்டது என்கிறார் இவர்.

மே 18

தேர்வு முடிந்தது.

வாசலில் நின்ற பையன் ஒருவன் என்னிடம், "ஆன்ட்டி, பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வெயிட் பண்ணோணும்" என்றான். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். "சாரி ஆன்ட்டி" என்றான். இரண்டாவது ஆன்ட்டியைத் தவிர்த்திருக்கலாம்.

உள்ளே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். சட்டப் பகுதியில் ஒரு கேள்வி வந்தது. கொள்கை: ஒருவர் தன் சொல்லால் ஒரு விஷயத்தை உண்மை என்று இன்னொருவரை நம்பவைத்து, அதை நம்பி அவர் ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், பிறகு "நான் சொன்னது உண்மையில்லை" என்று முதலாமவர் பின்வாங்க முடியாது. எஸ்டாப்பல் என்று அதற்குப் பெயர். சம்பவம் ஏதோ மாட்டு வியாபாரியைப் பற்றியது. எனக்கு மாடு கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா வைத்த ஒருவர்தான் தெரிந்தார். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அவ்வளவு நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தெரியாததை எல்லாம் விட்டுவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது காலி வட்டங்கள் என்னைப் பார்த்தன. நானும் பார்த்தேன்.

மே 19

கடையில் வாங்கும் மாவு பாக்கெட்டுக்குப் பதில் வீட்டிலேயே மாவு ஆட்டினேன். தேர்வு முடிந்த பெண்ணுக்கு வேறு என்ன வேலை.

ஜூன் 4

தேறிவிட்டேன். இடமும் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக்குள் சேர வேண்டும். தேறுவேன் என்று நினைக்கவே இல்லை. முடிவு காலை பத்து மணிக்கு வரும் என்பது தற்செயலாகத் தெரிந்திருந்தது, அதனால் பத்து மணிக்குப் பார்த்தேன்.

இவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடையை அடைத்துவிட்டு எல்லோரையும் ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போனார். தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "எங்க வினோ பாஸ் பண்ணிட்டா" என்று ஐஸ்கிரீம் கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார்.

"எழுதுன, ஜெயிச்சுட்ட. அது போதுமில்ல வினோ? சேர்றதுன்னா மூணு வருஷம். தன்ஷுவுக்குப் பன்னெண்டரைக்கு ஸ்கூல் உட்டுரும். யாரு போயி கூட்டிட்டு வர்றது? அம்மாவுக்கு முட்டி வலி."

அடுத்த அறையிலிருந்து அத்தையின் குரல். "எனக்கு முட்டி வலின்னு யாருடா சொன்னது?"

"நீங்கதானம்மா போன வாரம் சொன்னீங்க."

"அது போன வாரம்."

இவர் கதவைச் சாத்தினார். "யோசிக்கலாம்" என்றார்.

கடையில் "யோசிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லிப் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்று சொன்னவரும் இவர்தான்.

ஜூன் 7

யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 8

யோசித்தாரா என்று கேட்டேன். ஊட்டியில் அறை பார்த்திருக்கிறாராம்.

ஜூன் 10

பள்ளி திறந்தது. இவர் தெருமுனையிலேயே எங்களை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகப் பார்த்தார். கேட் வரைக்கும் வாங்க என்று நான்தான் கூப்பிட்டேன். தன்ஷுவின் பை கனமாக இருந்தது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணி பாட்டில், ஒரு மாற்று ஜட்டி.

தாளாளர் கேட்டில் நின்று ஒவ்வொரு குழந்தைக்கும் ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் கேட்டில் நிற்பார் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. இவர் வாட்ஸப்பை முழுக்கப் படிப்பதில்லை.

"அட, வக்கீலம்மா! சம்பந்தி நேத்துத்தான் போன் பண்ணுனாரு. உங்களப் பத்திச் சொன்னேன். எந்த வருஷம்னு கேட்டாரு, எனக்குத் தெரியல. எந்த வருஷம்மா?"

பதில் எனக்குத் தெரியும். இன்னும் சேரவில்லை சார், இவர் யோசிக்கிறார். நாக்கு நுனியில் இருந்தது. நான் தன்ஷுவின் காலருக்குக் குனிந்தேன். ஏற்கெனவே நேராக இருந்த காலரை இன்னும் நேராக்கினேன்.

இப்படி ஒரு மௌனத்தை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. மூன்று விநாடி இருக்கும். ஒரு விற்பனையாளரால் அதற்கு மேல் தாங்க முடியாது.

"ஃபர்ஸ்ட் இயருங்க சார்" என்றார் இவர். "இந்த வாரம் கிளாஸ் ஆரம்பிக்குது." ரோஜாக்களில் கண்ணாக இருந்த தாளாளர், பிப்ரவரியிலேயே படித்துக்கொண்டிருந்தவள் ஜூனில் எப்படி முதல் வருடம் என்று கணக்குப் பார்க்கவில்லை.

"நல்லதுங்க. அப்ப பாப்பாவ யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்க? கேட்டுல பேர் எழுதிக் குடுக்கோணும்."

நான் இன்னும் காலரில்தான் இருந்தேன்.

"எங்கம்மா வருவாங்க சார். அவங்களுக்கு முடியலீன்னா நானே வந்துருவேன்."

"இப்படித்தானுங்க இருக்கோணும்! நாலு அப்பாக்கள் உங்களப் பாத்துக் கத்துக்கோணும்" என்று தாளாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சமிருந்த ரோஜாவில் ஒன்றை இவருக்கும் கொடுத்தார். தன்ஷு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

காரில் ஏறினோம். ரோஜாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

சிக்னலில் நின்றபோது மறுபடியும் கேட்டார். "கடைசித் தேதி என்னிக்கு?"

இதற்குத் தெரியும். "நாளன்னிக்குங்க."

பெருமூச்சு விட்டார். ஆர்டரை வாங்கிவிட்டார், இனி சரக்கு வந்தாக வேண்டும். போனை எடுத்துக் கடைப் பையனிடம், நாளை மறுநாள் காலையில் கடைக்குத் தாமதமாக வருவேன், சேலம் ரோட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றார்.

ஜூன் 12

சேர்ந்துவிட்டேன். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கக் கூடாது என்றார்கள். மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அலுவலகத்தில் முகவரியைச் சரிபார்க்க விளம்பரத் தாளைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அங்கேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது அத்தை தன்ஷுவுக்குப் பால் எடுக்கப் பிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். எலுமிச்சங்காய்க் காந்தம் மட்டும் கதவில் இருந்தது. அத்தை அதை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கதவை உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்திருக்கும். வாங்கின அன்றைக்குப் போல.

"ஏங்கண்ணு, இந்த எடத்துல ஏதோ கீறல் இருக்குதுன்னு சொன்னியே?"

நான் தன்ஷுவின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. காந்தத்தைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டிவிட்டுப் பாலைச் சூடாக்கப் போனார்.

அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டேன்.